ரோபோவும் மந்திரவாதியும் மோதிய மதியம்

எட்டு வயதில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. வேற்றுகிரகத்து ரோபோப் படையும் மந்திரவாதிகளின் படையும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? அண்ணன் ரோபோ கட்சி. லேசர் துப்பாக்கிக்கு முன்னால் மந்திரம் என்ன செய்யும் என்பான். ரோபோவை ஒரே வார்த்தையில் தவளையாக்கிவிட்டால் துப்பாக்கியை எந்தக் கையால் பிடிக்கும் என்பேன் நான். மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் பாதிப் பேர் அவன் பக்கம், மீதிப் பேர் என் பக்கம்.

அந்த ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க ராஜபாளையத்திலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை; அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதிகம் பேசமாட்டார், ஆனால் நாங்கள் சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பார். எங்கள் வீட்டில் அப்படி ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் அவரையே நடுவராக்கினோம்.

"சும்மா சொன்னா எப்படி? சண்டை போட்டுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு டார்ச் லைட்டோடு வந்தான் அண்ணன். நான் அம்மாவின் குங்குமத்தை நெற்றி நிறைய அப்பிக்கொண்டு, கொல்லை வேம்பில் ஒரு கொப்பு ஒடித்து வந்தேன். என் குங்குமத்தைப் பார்க்காமல் அண்ணனின் பெட்டியையே பார்த்துச் சிரித்தார் அத்தை. அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டார்ச்சை என் முகத்தில் அடித்து, "உன் படை காலி" என்றான் அண்ணன். நான் விடவில்லை. டிவியில் பேயோட்டுகிற மந்திரவாதியைப் போலக் குரலைத் தடிப்பாக்கி, வேப்பங்கொப்பால் பெட்டியில் ஓங்கி அடித்து, "யாரு நீ? போறியா, இல்லையா?" என்று கத்தினேன்.

"போயிருதேன். அடிக்காதீய. அவிய வீட்டுக்கே போயிருதேன்."

பேசியது அத்தை. சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டிருந்தார். குரல் அவருடையதாகவே இல்லை. "அவிய என்னைய அடிக்கிறாவன்னு இனிமே யார்ட்டயும் சொல்லமாட்டேன்ணே."

உள்ளே தட்டு விழுந்து உருண்டது. அப்பா எச்சில் கையோடு ஓடி வந்தார். எனக்குத்தான் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தொடுவதற்குக் கையை நீட்டி, பாதியிலேயே மடக்கிக்கொண்டார். அம்மா வந்துதான் அத்தையை அணைத்து உள்ளே கூட்டிப்போனார்.

அண்ணன் பெட்டியைக் கழற்றிவிட்டு, "நீதான் ஜெயிச்ச" என்றான் மெதுவாக. பெரிய ஆளே நடுங்கிவிட்டார் என்றால் மந்திரம்தானே பெரிது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வாரக் கடைசியில் அத்தையைக் கூட்டிப்போக அவருடைய கணவர், எங்கள் மாமா, பைக்கில் வந்தார். வழக்கமாக அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடும் அப்பா, அன்று வாசலை மறித்து நின்றார்.

"அவ வரமாட்டா மாப்ள."

"மறுபடியும் பேய் பிடிச்சிருச்சாக்கும்" என்றார் மாமா, பஸ் போய்விட்டது என்பதைச் சொல்வது போல. "அதே பூசாரிட்ட இன்னொரு தடவ கூட்டிட்டுப் போவோம் மச்சான்."

"அவளுக்கு ஒண்ணும் பிடிக்கல. அன்னைக்கும் பிடிக்கல. அந்தப் பூசாரி அடிக்கையில அவ கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்."

மாமா தனியாகத்தான் திரும்பிப் போனார். பைக் சத்தம் தேய்ந்ததும் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஊசி போடும்போது என் அண்ணனும் என் கையைப் பிடித்துக்கொள்வான்; எனக்குப் பாதி வலி போய்விடும். அத்தைக்கு அப்படித் துணை நின்றதற்கு அப்பா ஏன் இவ்வளவு அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.