இரண்டு பக்கமும் ஒரே தாத்தா

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் கோளாறும் தானாக வராது, யாரோ கை வைத்திருப்பார்கள். அவருக்குப் பயந்தே ஏழு மாடிக்காரர்களும் பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அமுக்குவதில்லை. மோட்டார் அறைக்குள் போனாரென்றால் அரைமணியில் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். கூடவே குற்றவாளி எந்த மாடி என்பதையும் சொல்லிவிடுவார்.

போன வருஷம் அவர் ஒரு ஜாதி நாய்க்குட்டி வாங்கினார். சப்பை மூக்கு, காலை மறைக்கும் முடி. துரை என்று பெயர் வைத்தார். குட்டியோடு வந்த வம்சப் பத்திரத்தைச் சட்டம் போட்டு, கல்யாணப் படம் இருந்த ஆணியில் மாட்டினார். கல்யாணப் படம் பீரோ மேல் ஏறியது. அவர் மனைவி இன்னும் அதை மறக்கவில்லை.

வருகிறவர்களையெல்லாம் அந்தப் பத்திரத்தின் முன் நிறுத்துவார். "அப்பாவுக்கு அப்பா யாரு, பாருங்க. சாம்பியன்! அம்மாவுக்கு அப்பா? அதே சாம்பியன்! ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா!" பரிசெல்லாம் அவரே வாங்கியதுபோல முகம் இருக்கும். நாங்களும் தலையாட்டி வைப்போம். அதே பெருமையில்தான், கணவர் இறந்து தனியாக இருந்த தங்கையை நச்சரித்து, துரையோடு பிறந்த பெண்குட்டி மினியை அவள் தலையில் கட்டினார்.

துரை தண்ணீர் குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். "உடம்புக்கு நல்லது, குடிக்கட்டும்" என்று இவர் கிண்ணத்தை நிரப்பினார். பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி எடுத்தபோது, எந்த மாடிக்காரர் என்ன தின்னக் கொடுத்தார் என்று இவர் விசாரித்துக்கொண்டிருந்தார். பதினாலாவது மாதம் துரை செத்துப்போனான்.

"சிறுநீரகம் பிறவியிலேயே சரியா வளரலை" என்றார் டாக்டரம்மா.

"யாராவது ஏதாவது குடுத்திருப்பாங்க, டாக்டர்."

"யாரும் எதுவும் குடுக்கலை. வம்சத்துலயே வர்றது." இவர் கைப்பேசியில் காட்டிய பத்திரத்தை அவர் பார்த்தார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் விரலால் தொட்டார். "சொந்தத்துக்குள்ளயே சேர்த்திருக்காங்க. கூடப் பிறந்த குட்டி எங்கயாவது இருக்கா? சீக்கிரம் பார்த்தா சாப்பாட்டை மாத்தி, கொஞ்ச காலமாவது நல்லா வச்சுக்கலாம்."

மனிதர் ஆடிப்போய்விட்டார். மூன்று நாள் மோட்டார் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். யார் மேல் கோபப்படுவது? விற்றவன் மேலா, ஒரு பாவமும் அறியாத அந்தத் தாத்தா நாய் மேலா? வாங்கிக்கொள் என்று நச்சரித்த வாயாலேயே தங்கையிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால்? லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் தங்கை வீட்டுக்குப் போனார். மினி காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எழுந்தேவிட்டார்.

"இருண்ணா" என்று தங்கை மினியின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். "காலையிலருந்து இது நாலாவது தடவை. அப்படியே துரைதான். தண்ணின்னா உயிர்."

இவர் மறுபடி உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார், முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக. தங்கை நிரம்பி வழியும் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

"தெரிஞ்சுதான் எனக்குக் குடுத்தியாண்ணா?"

"தெரியாதும்மா" என்றார். "ஆனா சுவத்துல மாட்டித்தான் வச்சிருந்தேன்."

அவள் குழாயை மூடிவிட்டு, மினியின் கழுத்துப்பட்டையைத் தேடப் போனாள்.