கணக்கில் சேராத ஸ்கேன்

அப்போது எம்.எஸ்ஸி. மனோதத்துவம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் கரமனையில் எங்கள் வீடு. அப்பாவும் பெரியப்பாவும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, ஒரே மனையில் அடுத்தடுத்து வீடு கட்டி, நடுவில் சுவர் எழுப்பாமல் வாழ்ந்தவர்கள். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவும் நானும் எந்த வீட்டில் சாப்பிட்டோம், எந்த வீட்டில் தூங்கினோம் என்று யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்றாலும் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான். அதைக் கட்டுப்பாடு என்று நான் நினைத்ததே கிடையாது.

எங்கள் துறையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. தன்னைவிட வீட்டாரையும் கூட்டத்தையும் பெரிதாக நினைக்கிற இளைஞர்களுக்கும், தன் விருப்பமே முதல் என்று இருப்பவர்களுக்கும் மூளையின் அமைப்பில், முக்கியமாக நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் தடிமனில், வித்தியாசம் உண்டா என்று பார்க்கிற ஆராய்ச்சி. முதலில் கேள்விகள், பிறகு ஸ்கேன். ஆள் போதாமல் எங்களையே கூப்பிட்டார்கள். நடத்தியவர் ஒரு மலையாளி சேச்சி. ஆராய்ச்சி மாணவி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

‘வீட்டார் முடிவுக்காக என் ஆசையை விட்டுக்கொடுப்பேன்’ என்பது போன்ற வாக்கியங்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ‘முழுச் சம்மதம்’ போட்டேன். சேச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எல்லாத்தினும் முழுச் சம்மதமோ? நுணை பறயல்லே, மோளே.”

“பொய் இல்ல சேச்சி. எங்க வீடு அப்படியாக்கும்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் கழித்து சேச்சி என்னைத் தனியாக அழைத்து ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காண்பித்தார். இடது பக்கம், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே, நீர் கோத்த சிறு பை. பிறவியிலேயே வந்தது, பலருக்கும் இருக்கும், தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள், மருந்துகூட வேண்டாம் என்றார். படிக்கலாமா, வெளியூர் போகலாமா, கல்யாணம் செய்யலாமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“இது நிங்ஙளுடெ காரியம். யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது எல்லாம் உங்கள் இஷ்டம்” என்றார்.

என் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறதா என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பெரியப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது.

“டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாரு, பெரியப்பா.”

“ஒண்ணுமில்லன்னா எதுக்குப் பிள்ளே உன்ன தனியா கூப்பிட்டுச் சொல்லணும்?”

அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேட்டையில் இருந்தார்கள். தங்கைக்கு மூளையில் ஏதோ என்று வெளியே தெரிந்தால் அக்காவுக்கும் இருக்குமோ என்று கேட்பார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று முடிவானது. அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த முடிவுதான் பெரியது. பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

“அங்க ஒத்தைக்குக் கிடந்து வலிப்பு கிலிப்பு வந்தா யாரு பாப்பா? பேட்டைக்காரங்க காதுல விழுந்தா பெரியவ கல்யாணம் என்னாவும்?” என்றாள் பெரியம்மா.

அப்பா என் முகத்தைப் பார்க்காமலே, “போவாண்டாம் மக்களே” என்றார்.

நான் சரி என்றேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. மறுத்துப் பேச என்னிடம் சொல் இருந்தது. டாக்டர் சொன்ன காரணமும் இருந்தது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரின் பயம், கேட்கும்போதே என் பயமாகிவிட்டது. அவர்கள் வருத்தப்பட எனக்கும் வருத்தமாக இருந்தது. எனக்காக வருத்தப்பட அந்த அறையில் யாரும் மீதி இல்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“உனக்குப் போணும்னா போட்டீ. எனக்காக இருக்காண்டாம். நான் பெரியப்பாட்ட சொல்லுகேன்.”

“இல்லக்கா. நான் போகல்ல.”

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உடனே அதற்கு வெட்கப்பட்டு அழ ஆரம்பித்தாள். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு இரண்டு வீட்டாரும் ஒரு வேன் பிடித்துப் பொன்முடிக்குப் போனோம். விதுராவில் சாயா குடித்துவிட்டு, கல்லாற்றில் குளிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் பாறைகளில் கால் வைத்து இறங்கினார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். கல்லாற்றுத் தண்ணீர் எனக்கு மிகவும் பிடிக்கும். காலேஜ் தோழிகளோடு வந்து மூச்சுமுட்டக் குளித்திருக்கிறேன்.

“என்ன, சின்னவ இறங்கல்லியா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கீழேயிருந்து கேட்டார்.

“அவளுக்கு வெள்ளம்னா பயமாக்கும்” என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா பிடியை விடவில்லை. அவர்கள் குளித்து ஏறும்வரை அப்படியே நின்றோம்.

அதற்குப் பிறகு குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூடாது என்றானது. பஸ்ஸில் தனியாகப் போகக்கூடாது. காலேஜுக்கு அப்பா கொண்டுவிட்டார். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தபோது ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி சேச்சியைப் பார்க்கப் போனேன். என் மூளை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. நெற்றிக்குப் பின்னால் அவர்கள் அளந்த அந்த இடம் மற்றவர்களைவிடத் தடிமனாக இருந்ததா, மெலிந்திருந்ததா? பிறவியிலேயே நான் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் போதும், அதோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சேச்சி தயங்கினார்.

“ஒரு ஆளுடைய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மோளே. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.”

“அந்த எல்லாரிலும் நான் உண்டுதானே?”

“இல்ல. இப்படி ஏதாவது கண்டால் அந்த ஸ்கேனைக் கணக்கில் எடுக்க மாட்டோம். நின்டெது மாற்றி வெச்சு.”

தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அது முறைதான், நானும் படித்தவள், எனக்கும் தெரியும். சரி சேச்சி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. எங்கே போவதென்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது, ஏறினேன்.

வீட்டு வாசலில் கூட்டம். பெரியம்மா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா கரமனை ஆற்றுப் பக்கம் தேடப் போயிருந்தார். பெரியப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி ரோட்டிலிருந்து ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“ஒத்தைக்கா போன மக்களே? ஏதாவது ஆயிருந்தா நாங்க என்ன செய்வோம்?” என்று கேட்டு, என் முன்னால் முதல்முறையாக அழுதார். “நீ எங்கயும் போவாண்டாம். உனக்கு நாங்க உண்டு. கடைசிவரை நாங்க வச்சுப் பாப்போம்.”

அதில் ஒரு துளி பொய் கிடையாது. அவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன். ஒருவர்கூட இல்லை. என் கல்யாணத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. என் பதில் அவர்களுக்குத் தெரியும். எனக்குக் கிடைத்திருந்த பெங்களூர் இடத்தில் என்னோடு படித்த ஒரு பெண் சேர்ந்ததாக அடுத்த வருடம் கேள்விப்பட்டேன். அதைச் சொன்னபோது அம்மா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.