ஐந்து விரல் இலை

இந்த ஊரில் பூ பூத்தால் யாரும் பறிப்பதில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிறு நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இன்னும் அது எனக்குப் பழகவில்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையாரின் வீட்டுக்கும் நடுவே உள்ள மரவேலியில் நீலப் பேஷன் ஃபிளவர் கொடி படர்ந்திருக்கிறது. ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை பூக்கும். ஒரு பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். மறுநாள் சுருண்டு தொங்கிவிடும். நான் வந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு வைக்க ஒரு பூ பறித்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், எங்கள் பக்கம் தாண்டி வந்திருந்த கொடி முழுவதையும் கத்தரித்து எடுத்துவிட்டிருந்தார். கொடி இடைஞ்சலாக இருப்பதை நான் நாசூக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலும். என் நாட்குறிப்பில் அந்த வாரம் இப்படி இருக்கிறது: வெள்ளி, பதினொரு பூ. சனி, பூ இல்லை.

கொடி அடுத்த கோடையிலேயே திரும்ப வந்துவிட்டது. நானும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். முதல் பூ விரிந்த நாள், விரிந்த நேரம், வந்த தேனீக்கள் என்று ஒவ்வொரு வருடமும் குறித்துவைக்கிறேன். பத்து வெள்ளை இதழ்கள்போலத் தெரியும். அவற்றில் ஐந்து உண்மையில் மொட்டை மூடியிருந்த புல்லி இதழ்கள். திருப்பிப் பார்த்தால் முதுகு பச்சையாகவும் நுனியில் சின்னக் கொக்கியோடும் இருக்கும். இதழ்களின் மேல் வட்டமாக இழைகள் பரந்திருக்கும்: நுனியில் நீலம், நடுவில் வெள்ளை, அடியில் கரும் ஊதா. நடுத்தண்டின் மேல் ஐந்து மகரந்தப் பைகள், அவற்றுக்கு மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகள். பூ விரிந்த புதிதில் அந்த மூன்றும் நிமிர்ந்து நிற்கும். நேரம் ஆக ஆக வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். அடியில் தேன் குடிக்க நுழைகிற தேனீயின் முதுகு அப்போதுதான் இரண்டிலும் உரசும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் அந்த இறக்கத்தைக் கண்ணால் காணலாம்.

இதுவும் இந்த மண்ணின் கொடி இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மதுரையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு வேலிகளில் படருகிற சிறுபூனைக்காலி இதற்கு உறவு. பாசிபோன்ற வலைக்குள் மஞ்சளாகப் பழம் தொங்குமே, அதுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பறித்துத் தின்றிருக்கிறோம்.

சென்ற பொங்கலுக்கு அவனியாபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். ஊர் முழுக்க ஜல்லிக்கட்டுக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு நர்சரியில் 'கிருஷ்ண கமலம்' என்று அட்டை தொங்கிய கன்றை வாங்கி வந்து அக்காவின் காம்பவுண்டுச் சுவரோரம் நட்டேன். இந்தப் பூவுக்கு நம் ஊரில் அதுதான் பெயர், ஆனால் அந்தப் பெயரில் நாலைந்து வகைக் கொடிகளை விற்கிறார்கள். பூ வந்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அக்காவின் கணவர், என் மச்சான், முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகாலை டூட்டிக்கு எழுந்து பழகிய உடம்பு, இப்போது தூங்க மறுக்கிறது. அவர்தான் தினமும் தண்ணீர் ஊற்றினார்.

இந்த ஜூலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கொடியைப் பற்றி நீளமாக ஒரு குறிப்பு எழுதினேன். இங்கே இதன் இலையைக் காயவைத்து, தூக்கம் வரவழைக்கும் தேநீர் என்று மருந்துக்கடையில் விற்கிறார்கள் என்று ஒரு வரி. 'அது வேறு இனம், மூன்று மடல் இலை கொண்டது. ஐந்து மடல் உள்ள நீல இனத்தின் இலையில் நஞ்சு உண்டு' என்று அடுத்த வரி. குறிப்பு நீண்டுகொண்டே போனதால் இரண்டாவது வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். அழித்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை. இங்கே மதியம் பன்னிரண்டு பத்து, அங்கே மாலை நான்கு நாற்பது. அக்காவின் குரல் பதிவு வந்தது.

"தம்பி, மச்சானுக்குக் காலையில இருந்து தலை கிறுகிறுங்குது. ரெண்டு தடவ வாந்தி. மூணு நாளா நீ எழுதுனியே, அந்த இலையத்தான் போட்டுக் குடிக்காரு. தூக்கம் நல்லாத்தான்ப்பா வருது. இத்தன நாளு தூக்கம் கெட்டதுலதான் இந்தக் கிறுகிறுப்புன்னு, இன்னைக்குக் கூடக்கொஞ்சம் இலையப் போட்டு நல்லா சுண்டக் காச்சிருக்கேன். ஒரு டம்ளர் குடுத்துட்டுக் கூப்பிடுறேன்."

நம் ஊரில் ஓர் இலை நல்லது என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கே அது கஷாயமாகிவிடும். எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்குத் தெரியாததா?

அக்காவை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும், மறுபடியும். மச்சானின் போன் அணைந்திருந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தரை அழைத்தேன்.

"என்னண்ணே, அதிசயமா இருக்கு?"

"அக்கா வீட்டுக்கு ஓடு. மச்சான் கையில டம்ளர் இருந்தாத் தட்டி விடு."

"சரக்காண்ணே? மச்சான் தொட மாட்டாரே!"

"கஷாயம்டா. வெசமா இருக்கலாம்."

அழைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அவனுடைய மூச்சு, செருப்புச் சத்தம், ஒரு ஷேர் ஆட்டோவின் ஹாரன், யாரையோ தள்ளச் சொல்லிக் கத்துவது எல்லாம் கேட்டன. நான் சமையலறையில் நின்றபடி இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிறகு கேட் திறக்கும் ஓசையும் அக்காவின் குரலும்.

"என்னடா இப்படி ஓடியார, மாடா வெரட்டுது?"

"அக்கா, அதக் குடுக்காதீங்க. அண்ணே சொல்றாரு."

"அவன்தானடா எழுதுனான்!"

மச்சான் போனை வாங்கினார். குரல் சோர்ந்திருந்தது. "மாப்ள, பாதி டம்ளர் உள்ள போயிருச்சே. இப்ப என்ன பண்ண?"

கொடி இன்னும் பூக்கவில்லை. எந்த இனம் என்பதை இலைதான் சொல்ல வேண்டும். "சிக்கந்தர், ஒரு இலையப் பறிச்சு விரிச்சுப் பாரு. கைவிரல் மாதிரிப் பிரிஞ்சிருக்கும். எத்தனை விரலு?"

"மூணுண்ணே."

மூன்று என்றால் நஞ்சில்லாத இனம். அப்புறம்தான் நினைவு வந்தது, நீல இனத்திலும் கொழுந்து இலை மூன்றாகப் பிரிவதுண்டு. "அடியில முத்துன இலையாப் பாத்துப் பறி."

கொடியை விலக்குகிற சலசலப்பு கேட்டது.

"அஞ்சுண்ணே. இதுவும் அஞ்சு. எல்லாமே அஞ்சுதாண்ணே."

மச்சானை நடுவில் உட்காரவைத்து, அக்கா பின்னால் பிடித்துக்கொள்ள, சிக்கந்தரின் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டுனவன இப்படி மூட்ட கணக்கா ஏத்திட்டுப் போறியேடா" என்று வழியில் முனகினாராம். டூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். இலையின் படத்தையும் தாவரப் பெயரையும் சிக்கந்தரின் போனுக்கு அனுப்பினேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று அந்தப் போனிலேயே என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். "இத யாரு சார் குடிக்கச் சொன்னது?" என்றார்.

"நான்தான்."

மறுநாள் மதியம்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். இலையினாலா, மாத்திரையோடு சேர்ந்ததாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முழு டம்ளரும் போகாதது நல்லது என்றாராம் டாக்டர். நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கு நேராக, நான் அழித்த வரியை மட்டும் எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினேன். கொடியைப் பிடுங்கிவிடச் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை. "இலையத் திங்கச் சொல்லி பூவா சொல்லுச்சு? இருந்துட்டுப் போகட்டும் மாப்ள." அக்கா கோபப்படவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "நீ எழுதுறத எழுதுப்பா, படிக்கிறோம். எதுன்னாலும் இனி இங்க இருக்கவுகளக் கேட்டுட்டுத்தான் செய்வோம்." சரி என்றேன். சரியான பேச்சுதான்.

அன்றைக்குக் கொடியில் முதல் பூ. மச்சான் எனக்குக் காட்டுவதற்காகப் போனைச் சுவரில் சாய்த்துவைத்தார். அதற்குள் சிக்கந்தர் வந்துவிட, இருவரும் வாசல் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். சூல்முடிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. பாருங்கள் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் என் முகம், சரியாகப் பூவின் பாதியை மூடிக்கொண்டு இருந்தது. விரலால் மேலே தள்ளினேன், வாசல் மறைந்தது. இடப்பக்கம் தள்ளினேன், தூரத்தில் வெங்காயம் உரிக்கும் அக்கா மறைந்தாள். கீழே இழுத்தேன், மச்சான் தண்ணீர் ஊற்றிய ஈர மண் மறைந்தது. எங்கே வைத்தாலும் வீட்டில் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.