கோயில் வாசலில் போன செருப்பு

வெள்ளிக்கிழமை தேக்கா கோயிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். பழைய பழுப்புத் தோல் செருப்பு; இடது வாரை நானே சிவப்பு நூலால் தைத்திருந்தேன். வயிறு எரிந்தது. கோயில் வாசலிலேயா திருடுவான்? விளங்குவானா?

கூட வந்த அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "கோயில்ல செருப்பு தொலைஞ்சா புடிச்ச சனி விட்டுருச்சுன்னு அர்த்தம். தேடாதே, வாடி!"

எங்களைப் பிடித்திருந்தது பெரிய சனிதான். என் வீட்டுக்காரருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கடையில் ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு ரயிலேறினேன். எங்கள் வீடு இருக்கும் செம்பவாங் வரும்வரை மனசு ஒரு நிலையில் இல்லை. நான் தமிழாசிரியை, சும்மா இருக்க முடியுமா? களவுக்கும் கள்ளத்துக்கும் ஒரே வேர். எடுப்பது மட்டுமல்ல, மறைப்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். அன்றைக்கோ, எவனோ திருடியே இருக்கட்டும், எங்கள் சனி அவனோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திருடன் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வெள்ளி, செருப்பு விடும் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது.

"அக்கா, சாரி லா. போன வாரம் அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். திரும்பி வந்து பாத்தா என்னுது இங்கேயே கெடக்கு. எல்லாரையும் கேட்டுட்டேன். இது உங்களுதா?"

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அம்மா வேறு பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்ணோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லையென்று மறைத்து, எங்கள் சனியை அவள் தலையில் கட்டினால் கள்ளி அவளா, நானா?

"என்னுதுதாம்மா," என்றேன். பையை வாங்கிக்கொண்டேன்.

வீடு வரும்வரை அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "அட, எப்படிக் கெடச்சுது?" என்றார். சொல்லத் தொடங்கியதுமே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுவைச் சிகிச்சையை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று சொல்லியேவிட்டேன்.

அவர் சிரித்தார். "அசடு! போன செருப்பே வீடு தேடி வந்துருச்சு. நான் வர மாட்டேனா?"