நான்கு டெராபைட் என்று காட்டிய டிஸ்க்

1. புதன்கிழமை காலை

தயாளன் கடைக்குள் வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப்பைக் கவுண்டர் மேல் வைத்துத் திறந்தார். ஒரு ஃபோல்டரைக் காட்டினார்.

“அக்கா, இன்னிக்கிதான் தொறந்தேன். ஃபைல் பேரு எல்லாம் தெரியுது. ஒண்ணுகூட தொறக்க மாட்டேங்குது.”

நான் ஒரு ஃபைலைத் தட்டினேன். திறக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். ‘ஃபைல் பழுதாகிவிட்டது’ என்று வந்தது. கடைசி வருடத்து ஃபோல்டர், அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முந்தையது என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போனேன். முதல் வருடத்து ஃபோல்டர் மட்டும் திறந்தது. மற்றதெல்லாம் பெயர்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

நான்கு நாள் முன்பு அந்த லேப்டாப்பில் புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தவள் நான்.

ஆரணியில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். பெயர் ஸ்டெல்லா. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னுடைய திறமையைப் பற்றிச் சொல்வதைவிட இந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்வது பிரயோஜனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2. சனிக்கிழமை நான் செய்தது

தயாளன் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். பார்டர், முந்தி, உடம்பில் வரும் புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஜக்கார்டு அட்டை குத்துகிற இடத்துக்கு அனுப்புவார். அந்த அட்டையில் இருக்கிற ஓட்டைகள்தான் தறிக்கு டிசைனைச் சொல்லும். அட்டை வந்தால்தான் தறி ஓடும். தேசூர், சேத்துப்பட்டு என்று பைக்கில் போய், நெய்கிறவர் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து டிசைனைக் காட்டி, அங்கேயே மாற்றியும் கொடுப்பார். அதனால் பதினொரு வருட வேலையும் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தது. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர்.

லேப்டாப்பில் இரண்டு டிஸ்க். விண்டோஸ் இருப்பது சின்ன எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதிகிற டிஸ்க். டிசைன் எல்லாம் இருப்பது ஒரு டெராபைட் (டிபி) ஹார்ட் டிஸ்க். அது நிரம்பிவிட்டது. பைக் குலுக்கலில் அது என்றைக்குப் போகுமோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் பெரிய எஸ்எஸ்டி போட வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் டிஸ்க்கை அவரே ஆன்லைனில் வாங்கிவிட்டிருந்தார். நான்கு டிபி. நான் கேள்விப்படாத கம்பெனி.

“பாதி ரேட்டுக்கு கெட்ச்சிச்சி அக்கா. ஜல்தியா போட்டுக் குடுங்க, தேசூர் போவணும்.”

கையில் எடுத்தபோது லேசாக இருந்தது. இப்போது எல்லா எஸ்எஸ்டியும் லேசுதானே என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் மாட்டினேன். நான்கு டிபி என்று காட்டியது. காப்பி போட்டேன். ஆரம்பத்தில் ஒழுங்காகப் போனது, பிறகு வேகம் விழுந்தது. இடையிடையே நின்று நின்று போனது. அதையும் பார்த்தேன். சூடாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் காப்பி முடிந்தது. முதல் ஃபோல்டரில் நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று திறந்தன.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். “இது இனிமே உங்களுக்கு வேணாம். வேற எதுக்காச்சும் வெச்சிக்கலாம்.”

3. பழைய டிஸ்க் எங்கே

புதன்கிழமை, அந்தப் புது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டே அவரிடம் கேட்டேன். “பழைய டிஸ்க் வீட்ல தான இருக்குது?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் மாறியது.

“மச்சானுக்குக் குடுத்துட்டேன் அக்கா. சேத்துப்பட்டுல அவரு பவர்லூம் ஷெட்ல கேமரா போட்டாரு. டிவிஆருக்கு டிஸ்க்கு வேணும்னாரு. நீங்க வேணாம்னு சொன்னீங்களேன்னு…”

“எப்ப மாட்னாங்க?”

“திங்கக்கெழம.”

டிவிஆர் என்பது கேமராப் படத்தைப் பதிகிற பெட்டி. டிஸ்க்கை மாட்டியதும் ஃபார்மட் செய்து, காலி என்று குறித்துக்கொள்ளும். பிறகு இரவு பகலாகப் பதிந்துகொண்டே இருக்கும். ஃபார்மட் செய்ததால் மட்டும் பழைய டேட்டா அழிந்துவிடாது, மேலே புதிதாக எழுத எழுதத்தான் அழியும். அந்த ஷெட்டில் நான்கு கேமரா. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலும் தயாளனுடைய டிசைன்கள் மேல் ஷெட்டின் படம் ஏறிக்கொண்டிருந்தது.

“உடனே போன் போடுங்க. டிவிஆர் சுவிட்ச ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பவர்லூம் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது, போன் எங்கே கேட்கும்?

தயாளன் மேசை மேலிருந்த புது டிஸ்க்கை எடுத்து ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“ஒடைக்காதீங்க. முதல் ஃபோல்டர் தொறந்துச்சி இல்ல, அது இதுல இருக்குது. இதுவும் வேணும்.”

கடை ஷட்டரை இறக்கினேன். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் ஒரு தரம்தான் பேசினார்.

“தேசூர்ல பதினோரு தறி அக்கா. பாவு நூல தறியில ஏத்திட்டு, அட்ட எப்ப வரும்னு உக்காந்துகினு இருக்கறாங்க. கல்யாண ஆர்டரு. அந்த டிசைனும் அதுலதான் இருந்திச்சி.”

நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4. ஷெட்டில்

தயாளனின் மச்சான் பெயர் மணி. ஷெட்டுக்கு முன்னாலேயே ஒரு சின்ன அறை, அதில் மேசை மேல் டிவிஆர். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் நாங்கள் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மணி சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஆஃப் செய்ய அல்ல, செய்யவிடாமல் இருக்க.

“அதெல்லாம் முடியாதுங்க. நேத்து எவனோ நூலு பண்டல தூக்கினு போயிட்டான். அது இதுல பதிவாயிருக்குது. ஸ்டேஷன்ல காட்டணும். கேமரா போட்ட ஆளு சாயங்காலம் வந்து அத எடுத்துத் தர்றேன்னு சொல்லிக்கீறாரு.”

“சாயங்காலம் வரைக்கும் ஓட்னா இவரு டிசைன் இன்னும் போயிடுங்க. ஆஃப் பண்ணா உங்க பதிவு எங்கயும் போவாது. டிஸ்க்லயே இருக்கும். நான் டிஸ்க்க அப்பிடியே ஒரு பிரதி எடுத்து, பிரதிய உங்க பெட்டியில மாட்டித் தர்றேன்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கதான இந்த டிஸ்க்கு வேணாம்னு சொன்னவங்க?”

“ஆமாங்க.”

“இப்ப மட்டும் உங்க பேச்ச எப்பிடி நம்பறது?”

எனக்கு அந்த இடத்தில் வாய் வரைக்கும் வந்த வார்த்தை வேறு. புது டிஸ்க்கை வாங்கியது தயாளன், ஏமாற்றியது ஆன்லைனில் விற்றவன், நான் என்ன செய்வேன் என்று சொல்லலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் தயாளன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவர் என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“என் தப்புதாங்க,” என்றேன். “முழுசா டெஸ்ட் பண்ணாம மாட்டிட்டேன். காப்பி ஆவும்போது வேகம் கொறஞ்சத கண்ணால பாத்தேன், விட்டுட்டேன். கடைசி ஃபோல்டரத் தொறந்து பாக்கல. பாக்காமலே இது வேணாம்னு சொன்னேன். உங்க பதிவு விஷயத்துல அப்பிடிப் பண்ண மாட்டேன். பிரதி ஓடறத நீங்க கண்ணால பாத்தப்பறம்தான் இந்த டிஸ்க்க நான் தொறப்பேன்.”

தறி ஓடிக்கொண்டே இருந்தது. மணி தயாளனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து அவரே சுவிட்சை அமுக்கினார். விளக்கு அணைந்தது.

5. நல்ல டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தல்

ஆரணிக்குத் திரும்பி அன்று மதியமே இரண்டு வேலை ஆரம்பித்தேன். ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதாமல், கடையில் இருந்த இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் அதைப் பிரதி எடுப்பது. இரண்டு, மீட்கிற டிசைன்களை வைக்க நல்ல எஸ்எஸ்டி ஒன்றைத் தேடுவது. அவசரத்தில் டிஸ்க் வாங்கக் கூடாது என்று அன்று காலைதான் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது அவசரத்திலேயே வாங்க வேண்டியிருந்தது.

வேலூரில் எனக்குப் பழக்கமான டீலருக்குப் போன் செய்தேன்.

“நாலு டிபி இருக்குது மேடம், நல்ல கம்பெனிதான். ரெண்டு டிபியில ஒண்ணு இருக்குது, அது கொஞ்சம் ஹெவி ரேட்டு.”

நான்கு டிபி க்யூஎல்சி வகை. சிப்பின் ஒரே சின்ன அறையில் (செல்) நிறைய டேட்டாவைத் திணிப்பது. இடம் அதிகம், ஆனால் பெரிய காப்பி போட்டால் பாதி வழியில் வேகம் விழும், எழுதித் தாங்குகிற ஆயுளும் குறைவு. இரண்டு டிபி டிஎல்சி வகை. ஒரு செல்லில் அதைவிடக் குறைவாக வைப்பதால் வேகமும் ஆயுளும் அதிகம். கூடவே டிரேம் சிப் உண்டு. டேட்டா எந்த மூலையில் இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ள அது உதவும். வாரண்டியும் அதிகம். படம் பார்க்கவும் பாட்டு வைக்கவும் மட்டும் என்றால் நான் க்யூஎல்சி வாங்கச் சொல்லியிருப்பேன். தயாளன் தினமும் ஸ்கேன் எடுத்து, மாற்றி, திரும்ப சேமிக்கிறவர்.

“பதினோரு வருஷத்துல ஒரு டிபிதான் ரொம்பியிருக்குது,” என்று தயாளனிடம் சொன்னேன். “உங்களுக்கு நாலு எதுக்கு? ரெண்டு போதும். மீதி ரெண்டு டிபிய இன்னொரு டிஸ்க்கா வாங்கி வீட்ல வைங்க. வாரம் ஒருதரம் அதுல காப்பி போடுங்க.”

“நீங்க சொல்றதுதான் அக்கா,” என்றார். அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

பார்சல் பஸ்ஸில் மூன்று மணிக்கு வந்தது. சீல் பார்த்தேன். சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன். பிறகு முழு டெஸ்ட். டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒத்துப் பார்ப்பது. மூன்று மணி நேரம் ஆகும்.

தயாளனுக்கு ஆர்டர் கொடுத்த வியாபாரி அதற்குள் நான்கு தரம் கூப்பிட்டுவிட்டார். ஐந்தாவது தரம் தயாளன் போனை எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நல்ல கம்பெனி தான அக்கா இது. டெஸ்ட்ட நிறுத்திட்டு, தொறக்கற ஃபைலயாவது இதுல காப்பி போடலாமே?”

“மாட்டேன்.”

கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் வெளியே போய் டீக்கடையில் நின்றார். நாற்பது சதவீதம், அறுபது, எண்பது. எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி தாண்டியதும் ‘பிழை இல்லை’ என்று வந்தது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், தயாளன் ஆன்லைனில் வாங்கிய அந்த நான்கு டிபி டிஸ்க்கைப் படிக்க மட்டும் வைத்து, கடைசியில் முழுசாகத் திறக்கிற ஃபைல் எது என்று தேடினேன். நூற்றிருபது ஜிபி வரைக்கும்தான் அதில் உண்மையான இடம், ஒரு டிபியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மேல் எழுதியதை எல்லாம் வாங்கிக்கொண்டதாகச் சொல்லி, காற்றில் விட்டிருந்தது.

6. கிடைத்ததும் போனதும்

வியாழக்கிழமை காலை பிரதியைக் கொண்டுபோய் மணியின் பெட்டியில் மாட்டினேன். நூல் பண்டல் போன பதிவு முழுசாக ஓடியது. அதில் இருந்தது யார் என்பது அவருடைய விஷயம். மணி தலையை ஆட்டினார். “போய் வேலயப் பாருங்க,” என்றார்.

பிறகுதான் மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டினேன். பெயர் எல்லாம் போய்விட்டிருந்தது. ஆயிரக்கணக்கான படங்கள், எல்லாவற்றுக்கும் வெறும் எண். தயாளனும் அவர் மனைவி கவிதாவும் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கவிதாவுக்கு ஞாபகம் அதிகம். “இது முந்தி, அந்த மயிலு. இது தள்ளு. இது சேத்துப்பட்டு ஆர்டரு,” என்று சொல்லிக்கொண்டே போனார்.

கேமராப் பதிவு ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியை அழித்திருந்தது. அங்கே இருந்தவை ஆரம்ப வருடத்து டிசைன்கள். ஆன்லைனில் வாங்கிய மோசமான டிஸ்க்கிலோ அந்த ஆரம்ப வருடங்கள் மட்டும்தான் உண்மையாக எழுதப்பட்டிருந்தன. தயாளன் அதை உடைத்திருந்தால் அதுவும் போயிருக்கும். இரண்டையும் சேர்த்தபோது, மூன்றாம் வருடத்தில் பெரும்பகுதி மட்டும் எதிலும் இல்லை.

கல்யாண ஆர்டரில் முந்தி கிடைத்தது. புட்டா கிடைத்தது. பார்டர் ஃபைல் திறந்தது, ஆனால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். நிரம்பிய டிஸ்க்கில் ஃபைல் துண்டு துண்டாகப் பதிந்திருக்கும், ஒரு துண்டு அகப்படவில்லை.

தயாளன் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். கவிதாதான் பேசினார். “வியாபாரிக்கு போன்ல போட்டோ அனுப்சியே, அத திருப்பி அனுப்பச் சொல்லு.”

படம் மங்கலாகத்தான் வந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்சப் பாதியை அவர் என் கடை மேசையிலேயே கட்டம் கட்டமாகப் போட ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடித்தார். சனிக்கிழமை அட்டை தேசூருக்குப் போனது. பதினொரு தறியும் மூன்று நாள் தாமதமாக ஓடின. நெய்கிறவர்களில் ஒருவர் அந்த மூன்று நாள் கூலி போனதை நேரில் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டேன்.

7. கற்றது

புது டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிக் கொடுத்தபோது, திரும்பக் கிடைக்காத டிசைன்களைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். தயாளன் லேப்டாப்பை மூடினார்.

“மூணாவது வருஷம்தான் அக்கா நான் சொந்தமா போட ஆரம்பிச்சது. அது போனது கஷ்டம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்.” லேப்டாப்பைத் தோள்பைக்குள் வைத்தார். “ஆனா அன்னிக்கி நீங்க வித்தவன் மேல பழியப் போட்டிருந்தீங்கன்னா, மச்சான் சுவிட்ச அமுக்கியிருக்க மாட்டாரு. எனக்கு அவர தெரியும்.”

பெரிய டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். கம்ப்யூட்டர் காட்டுகிற அளவை நம்பாதீர்கள், முழுசாக எழுதிப் படித்துப் பாருங்கள். கடைசியில் காப்பி ஆன ஃபைலை முதலில் திறந்து பாருங்கள். பழையதை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. வேலையில் தப்பு நேர்ந்தபின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் வாடிக்கையாளருடையது. யார் மேல் தப்பு என்று வாதாடுவதில் அதைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.