தொடாத, நைனா!

போன வாரம் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது சுவிட்ச் பக்கமிருந்து ஒரு வாடை. பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. போய் மெயினை அணைத்துவிட்டு வந்தால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார்: "ரிட்டையர் ஆகியும் டீச்சராவே இருக்கியே." சிரிக்கட்டும். அதற்குள் அந்த வாடை என்னைச் செஞ்சிக்குக் கூட்டிப் போய்விட்டது.

அப்போது நான் அங்கே மாற்றலாகி வந்த புதிது. செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கும் பாடம் ஏறாது, எனக்கும் வாய் ஓடாது. கோட்டைப் பாறையின் அனல் வராந்தா வரைக்கும் வரும். அந்த நேரத்தைத்தான் முதலுதவிக்கு எடுத்துக்கொண்டேன்.

கட்டுப் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் பாடம். ஒருநாள் கையில் ஒரு துண்டு ஒயரோடு தரையில் விழுந்து கிடந்தேன். புடவை மண்ணாயிற்று. நடிப்பு எனக்கு வராது. ஆனாலும் பிள்ளைகள் நம்பினார்கள். மொத்த வகுப்பும் ஓடிவந்து என்னைத் தூக்கியது. எழுந்து உட்கார்ந்து சொன்னேன்: "என்னைத் தொட்ட எல்லாரும் செத்தாச்சு. போய் ஓரமா உக்காருங்க."

செத்தவர்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான பெண், எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல்.

"அப்ப சும்மா நிக்கறதா டீச்சர்?"

"சும்மா இல்ல. கரெண்டு எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். அத நிறுத்திட்டுதான் ஆளத் தொடணும்."

அவள் தலையாட்டவில்லை. யோசித்துக்கொண்டே போனாள்.

வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் பருவம். ஒரு திங்கட்கிழமை மஞ்சுளாவின் அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஆறடி ஆள். பிள்ளைக்கு எதையோ சொல்லிக் கொடுத்து வம்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது.

முந்தின நாள் காலை அவரும் மகளும் கழனிக்குக் கஞ்சி கொண்டு போயிருக்கிறார்கள். மோட்டார் கொட்டகைக்குள் ஈரக் காலோடு நின்ற மஞ்சுளாவின் அம்மாவைக் கரெண்டு பிடித்துவிட்டது. கை மோட்டாரோடு ஒட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. இவர் கத்திக்கொண்டு பாய்ந்தார்.

"இவ என் கால ரெண்டு கையாலயும் கட்டிக்கினா டீச்சர். 'தொடாத நைனா, நீயும் மாட்டிக்குவ'ன்னு கத்தறா. எனக்கு இன்னா புரியும்? ஓங்கி ஒரு ஒதை உட்டேன். அப்பவும் உடலியே! நான் குப்புற உழுந்துட்டேன்."

அவர் எழுவதற்குள் மஞ்சுளா, கொட்டகையின் வெளிச்சுவரில் இருந்த மெயின் பிடியை ஒரு காய்ந்த சவுக்குக் கழியால் அடித்து இறக்கிவிட்டாள். அம்மா சரிந்து விழுந்தாள். மகள் அவள் மூக்கருகே காதை வைத்து மூச்சு வருகிறதென்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அப்பா சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, "மயக்கத்துல வாயில தண்ணி ஊத்தாத, போன் பண்ணு" என்று தடுத்தாளாம். ஆம்புலன்ஸ் வந்து செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அம்மா கண் திறந்துவிட்டாள். இரண்டு விரல் கருகியதோடு போயிற்று.

சொல்லி முடித்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் மட்டும் தொட்டிருந்தா, ரெண்டு பொணம் டீச்சர். ஒதைச்சனே எம்பொண்ண..."

மஞ்சுளா பின்னால் நின்றாள். தோளில் வீக்கம்.

"பயமா இல்லியா உனக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான் டீச்சர். ஆனா அம்மா உதறுறத பாத்துக்கினே தொடாம நின்னேன் பாருங்க, அதான் முடியல." அப்போதுதான் அழுதாள்.

நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வரி. பெற்றவள் துடிக்கும்போது அந்த வரியில் நிற்பதற்கு வேண்டிய நெஞ்சை நானா கொடுத்தேன்? எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு நிதானத்தை வேறு யாரிடமும் பார்க்கவில்லை.

சமீபத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். அந்த மோட்டார் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். கழனியெல்லாம் மனைக்கற்கள், கலர் கொடிகள். கொட்டகை நின்ற இடத்தில் புது நகருக்கு ஒரு நுழைவு வளைவு கட்டுகிறார்கள். அங்கேதான் ஒரு சிறுமி உதையை வாங்கிக்கொண்டு அப்பாவின் காலை விடாமல் பிடித்துக் கிடந்தாள் என்று காட்ட, ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.