அம்மாவின் இருமொழி விடைத்தாள்

அம்மா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அழ வேண்டாம். அழுமூஞ்சிகளை அம்மாவுக்கு ஆகாது.

பாறசாலைக்குப் பக்கத்தில், மிஷன் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் அம்மா பிறந்தார்கள். தமிழ்-மலையாள எல்லைப் போராட்டம் மும்முரமாக நடந்த நாட்களில் பள்ளியிறுதித் தேர்வு எழுதினார்கள். தேறினால் திருவனந்தபுரத்தில் கல்லூரி, தவறினால் மார்த்தாண்டத்து மாப்பிள்ளை என்று தாத்தா முடிவாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குக் குறையொன்றுமில்லை. அம்மாவுக்குப் படிக்கத்தான் ஆசை.

சரித்திரத் தேர்வன்று பஸ் ஓடவில்லை. தாத்தாவும் அம்மாவும் நெய்யாற்றின்கரைக்கு நடந்தே போனார்கள். அம்மா தமிழில் எழுதத் தொடங்கி, வேகம் பிடித்ததும், வீட்டில் பேசுவதுபோலவே பாதி விடையில் மலையாளத்துக்குத் தாவிவிட்டார்கள். கடைசிப் பக்கம் மறுபடியும் தமிழ். வெளியே வந்து தோழியிடம் பேசியபோதுதான் செய்த காரியம் உறைத்தது. எந்த ஊர் எந்த மொழிக்கு என்று எல்லோரும் மல்லுக்கட்டிய நேரம் அது. வழியெல்லாம் அழுத அம்மாவிடம் தாத்தா சொன்னாராம்: "கரையாத மக்கா. திருத்துதவரு நம்ம பக்கத்து ஆளுன்னா ரெண்டும் தெரியும். இல்லேன்னா மார்த்தாண்டம் உண்டு."

சரித்திரத்தில் மட்டுமட்டாகத் தேர்ச்சி. தாத்தா மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா கல்லூரி முடித்து ஆசிரியையாகி அப்பாவை மணந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட, அந்த வேலைதான் எங்கள் மூவரையும் கரைசேர்த்தது.

அறுபது மதிப்பெண் வாங்கினால் ஊரே பேசிய காலம் அம்மாவுடையது. தொண்ணூறுக்கு மேல் வாங்கியும் அழுகிற பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வில் விடைத்தாளின் ஒரு வட்டத்தை விட்டுவிட்டு, அதற்குப்பின் எல்லா விடைகளையும் இடம் மாற்றிக் கறுப்பாக்கிவிட்டு வந்து விம்மினாள். அன்று மட்டும் அம்மா சிரிக்கவில்லை. "எனக்க தாள ஒரு மனுசன் வாசிச்சாரு மக்கா. உனக்கது மெஷினாக்கும். அடுத்த வருசம் பாத்துக் கறுப்பி" என்றார்கள். மறுவருடம் அவள் தேறினாள். அம்மாவின் கடைசி நாட்களில் மருந்து கொடுத்தவள் அவள்தான்.

கூட இருந்து கவனித்த செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், இரண்டு மொழியிலும் எங்களைத் தேற்றிய அயல்வீட்டாருக்கும் நன்றி. இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அவர் பெயர் அம்மாவுக்கே தெரியாது. போராட்டம் நடந்த அந்த வருடத்தில், ஒரு பெண்பிள்ளையின் சரித்திரத் தாளைச் சிவப்பு மையால் அடித்துவிடாமல் கடைசிப் பக்கம்வரை வாசித்த அந்த ஆசிரியருக்கு, அவரால் ஆளான நாங்கள் மூவரும் வணக்கம் சொல்கிறோம்.